உதிரி அசல், துப்பாக்கி நகல்

1943-ஆம் ஆண்டு ரெமிங்டன் நிறுவனம் அமெரிக்கத் தரைப்படைக்காக ஒரு ஸ்னைப்பர் துப்பாக்கியைச் செய்யத் தொடங்கியது. படையின் பதிவேடுகளில் அதன் பெயர் எம்1903ஏ4. ஆனால் அந்தப் பெயர் துப்பாக்கியின் மேல் எங்கும் பொறிக்கப்படவில்லை. பொறித்திருப்பது ‘03-ஏ3’ என்று, அதாவது சாதாரணச் சிப்பாய் தூக்கிய துப்பாக்கியின் பெயர். வேறுபாடு எழுத்துகள் நிற்கும் இடத்தில் இருக்கிறது. சாதாரண ஏ3-யில் மாதிரிப் பெயரும் வரிசை எண்ணும் குழலைத் தாங்கும் இரும்பு உடலின் உச்சியில், நட்டநடுவே இருக்கும். ஏ4-இல் அந்த இடத்தில் தொலைநோக்கியைத் தாங்கும் அடிச்சட்டம் உட்கார வேண்டும். எழுத்துகள் மறைந்துவிடக் கூடாது என்பதற்காக அவற்றை இரு பக்கங்களுக்கும் பிரித்து நகர்த்திப் பொறித்தார்கள். 1944 வரை இப்படிச் செய்யப்பட்டவை 28,000-க்குச் சற்று அதிகம். அவற்றுக்கென்று தனி எண் வரிசைகளும் ஒதுக்கப்பட்டன. ஆகவே ஒரு சாதாரண ஏ3-யை எடுத்துத் துளையிட்டு, அசல் அடிச்சட்டத்தையும் அசல் தொலைநோக்கியையும் பொருத்தினால், பார்வைக்கு ஏ4 போலவே இருக்கும் ஒன்று கிடைக்கும். சட்டத்தைக் கழற்றினால் அதனடியில் வரிசை எண் நடுவில் கிடக்கும், விஷயம் வெளிப்பட்டுவிடும். அமெரிக்காவில் வரிசை எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அதனால் அந்தச் சாட்சி பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது.

அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஸ்னைப்பர் துப்பாக்கிகளின் நகல்களை உருவாக்குவது உரிமம் பெற்ற சேகரிப்பாளர்கள் நடுவே பல்லாண்டுகளாக வேரூன்றிய ஈடுபாடு. (நம் நாட்டில் இதற்கு இடமில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி செய்வதையும் மாற்றியமைப்பதையும் குற்றமாக வைத்திருக்கிறது.) அசல்கள் குறைவு, விலையும் பெரிது. அதே ஆலையில், அதே ஆண்டில் பிறந்த ஒரு சாதாரணத் துப்பாக்கியை அடித்தளமாக வைத்துக்கொண்டு, தொலைநோக்கி, தாங்கி, வளைத்த போல்ட் கைப்பிடி, மரக்கட்டை, தோல்வார் என ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பார்கள். ஒரு சின்னத் திருகாணிக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு. இந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு அடியில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: பாகங்கள் எல்லாம் அசலாக இருந்தால் முழுப்பொருளும் அசலுக்கு நெருங்கிவிடும் என்பது. பொருளறிவியல் வேறு விதமாகச் சொல்கிறது. ஒரு பழைய கருவியின் அசல்தன்மை பாகங்களுக்கு இடையிலான உறவில் இருக்கிறது. அந்த உறவு உலோகத்திலும் கண்ணாடியிலும் மரத்திலும் பதிவாகிறது. அந்தப் பதிவை மதிக்கும் நகல் அறிவுக்கு உதவும். மதிக்காத நகல், எத்தனை அசல் உதிரிகளைச் சுமந்தாலும், சாட்சியத்தை அழிக்கும்.

உறவு என்று நான் சொல்வதை பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1 (டி) நன்றாக விளக்கும். அதைப் புதிதாக வார்த்து எடுக்கவில்லை, தேர்ந்து எடுத்தார்கள். ஷர்லியில் இருந்த பி.எஸ்.ஏ. ஆலையில் செய்த .303 துப்பாக்கிகளில், சோதனைச் சுடுதலில் வழக்கத்தை விடத் துல்லியமாகச் சுட்டவற்றைப் பொறுக்கினார்கள். அவற்றின் கட்டை சேரும் இரும்புக் கழுத்தில் ‘டி.ஆர்.’ என்று முத்திரையிட்டு லண்டனில் உள்ள ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். செல்வந்தர்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்து பேர்பெற்ற நிறுவனம் அது. போர்க்காலத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படைத் துப்பாக்கிகளை ஸ்னைப்பர் துப்பாக்கிகளாக மாற்றிக் கொடுத்தது. இடப்பக்கச் சுவரில் இரண்டு எஃகு மேடைகளைப் பதித்து, ஒரு தாங்கியை அவற்றுக்கு இசைய ஒட்டி, முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்கென்று வடிவமைத்த நம்பர் 32 தொலைநோக்கியை அதில் ஏற்றி, கன்னம் வைத்துக்கொள்ள ஒரு மரத்துண்டைக் கட்டையில் திருகினார்கள். முடிந்ததும் 200 கஜத்தில் ஏழு குண்டுகளும் ஐந்து அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும். பிறகுதான் எண்களைப் பொறித்தார்கள்: துப்பாக்கியின் எண் தாங்கியில், தொலைநோக்கியின் எண் கட்டையின் கழுத்தில். ஒன்றின் மேல் மற்றொன்றின் பெயர் எழுதப்பட்டது.

இந்த எண் பொருத்தத்தைச் சேகரிப்பாளர்களின் விருப்பம் என்று மட்டும் நினைப்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தாங்கியின் இரு பிடிப்புகளுக்கும் இடையே பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு முனை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகியிருந்தால், அதாவது ஒரு தாளின் தடிமன் அளவுக்கு, தொலைநோக்கியின் அச்சு குழலின் அச்சை விட்டு ஆயிரத்தில் ஒரு பங்கு திரும்பும். நூறு மீட்டரில் அது பத்து சென்டிமீட்டர் பிழை. நானூறு மீட்டரில் நாற்பது சென்டிமீட்டர், ஒரு மனிதனின் தோள் அகலம். தொலைநோக்கியில் உள்ள திருகுகளால் இதைச் சரிசெய்ய முடியும். ஆனால் அந்தத் திருகுகளின் ஓட்டத்துக்கு எல்லை உண்டு. அதன் பெரும்பகுதியைத் தூரத்துக்கேற்ற உயரத் திருத்தத்துக்குச் சேமித்து வைக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு தாங்கியையும் அதனதன் துப்பாக்கியோடு கையால் இசைத்தார்கள். கழற்றிய தாங்கியை மறுபடி அதே துப்பாக்கியில் ஏற்றினால் குறி ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பும். வேறொன்றில் ஏற்றினால் அந்த உத்தரவாதம் கிடையாது. பொறித்த எண் இந்தப் பொறியியல் உண்மையின் சுருக்கெழுத்து. வேறொரு துப்பாக்கியிலிருந்து கழற்றி வந்த அசல் தாங்கி தன் பாதங்களில் அந்த வேறொரு துப்பாக்கியின் வடிவத்தைச் சுமந்துகொண்டு வருகிறது.

எண்ணைப் பொறிப்பதிலேயே ஒரு அழகான இயற்பியல் ஒளிந்திருக்கிறது. எஃகு என்பது கோடிக்கணக்கான நுண்படிகங்களின் தொகுப்பு. குளிர்ந்த எஃகின் மேல் கடினமான அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது, நம் கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் படிகங்கள் நசுங்கித் திரிகின்றன. நிரந்தரமான அந்தத் திரிபு எழுத்தின் ஆழத்தைத் தாண்டிக் கீழே போகிறது. அதனால் மேற்பரப்பை அரத்தால் ராவி எழுத்தை அடியோடு நீக்கிய பிறகும் அதன் நிழல் எஃகுக்குள் தங்கிவிடுகிறது. தடயவியல் ஆய்வகங்கள் நெடுங்காலமாக இதைப் பயன்படுத்தி வருகின்றன. தாமிர குளோரைடு கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெல்லத் தடவினால், திரிந்த பகுதியும் திரியாத பகுதியும் வெவ்வேறு விதமாக அரிக்கப்பட்டு, அழிந்த எண் மங்கலாக எழுந்து வரும். அண்மைக் காலத்தில் எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தி, அது படிகங்களில் பட்டுச் சிதறும் கோலத்தைக் கொண்டு திரிபை வரைபடமாக்கும் முறையையும் அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. சோதித்திருக்கிறது. இதன் மறுபக்கமும் நமக்குப் பயன்படும். இன்றைய லேசராலோ கணினி செதுக்கு எந்திரத்தாலோ எழுதிய ‘பழைய’ எண்ணுக்குக் கீழே அந்த நசுங்கல் இருக்காது. லேசர் எழுத்தின் ஓரத்தில் உருகி உறைந்த படலம் இருக்கும், செதுக்கிய எழுத்தின் அடியில் சுழன்ற வெட்டுளியின் வரிகள் இருக்கும். அடித்த எழுத்தின் ஓரத்தில் உலோகம் பிதுங்கி மேலெழுந்திருக்கும். பூதக்கண்ணாடி போதும், பல வேளைகளில் இதைக் கண்டுகொள்ளலாம்.

தொலைநோக்கியின் கண்ணாடியும் தன் வயதைச் சொல்லும். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் நான்கு விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆறு தனித்தனி வில்லைகள் உள்ள தொலைநோக்கியில் பன்னிரண்டு பரப்புகள். அவற்றைத் தாண்டிக் கண்ணை அடைவது அறுபத்தொரு விழுக்காடு ஒளிதான். அந்தியிலும் விடியலிலும் பணிபுரிந்த ஸ்னைப்பருக்கு இது பெரிய இழப்பு. ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-இல் இதற்கு ஒரு வழி கண்டார்: ஒளியின் அலைநீளத்தில் கால்பங்கு தடிமனுள்ள ஒரு மெல்லிய படலத்தைக் கண்ணாடியின் மேல் ஆவியாகப் படியச் செய்வது. படலத்தின் இரு முகங்களிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அணைத்துவிடும். பரப்புக்கு ஒன்றரை விழுக்காடாக இழப்பு குறைந்தால், அதே பன்னிரண்டு பரப்புகளைக் கடந்து எண்பத்து மூன்று விழுக்காடு ஒளி வந்து சேரும். ஜெர்மனி இதைப் போர் ரகசியமாகவே வைத்திருந்தது. ஆகவே போரின் முற்பகுதியில் செய்த தொலைநோக்கி என்று ஒருவர் நீட்டினால், முதலில் ஒரு கைவிளக்கை அதன் முகத்தில் காட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளையாகத் திரும்பும் ஒளி பூச்சில்லாத கண்ணாடி. நீலமும் ஊதாவும் கலந்து தெரிந்தால் ஒற்றைப் படலம். பச்சையும் பிற நிறங்களுமாக மினுங்கினால் பல அடுக்குப் பூச்சு, அது போருக்கு வெகுகாலம் பிந்தியது. அசல் சோவியத் பி.யூ. தொலைநோக்கி என்று விற்கப்படும் ஒன்றில் அந்த மினுங்கலைக் கண்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். எதிர்த்திசையில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. வில்லைகளை ஒட்டப் பயன்பட்ட கனடா பால்சம் என்ற மரப்பிசின் காலப்போக்கில் மஞ்சளாகி விரிசல் விடும். அதைக் கழுவிப் புதிய பசையால் ஒட்டிய அசல் தொலைநோக்கிகள் உண்டு. கண்ணாடி தெளிவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றைப் போலி என்று தள்ளிவிடக் கூடாது.

திருகாணிகளும் பேசும். பிரிட்டனின் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, அங்கே சிறு கருவிகளுக்குப் பயன்பட்ட பி.ஏ. மரை 47.5 பாகை, அமெரிக்க மரையும் இன்றைய மெட்ரிக் மரையும் 60 பாகை. ஒரு மரை அளவியை வைத்தாலே திருகாணி எந்த மரபில் பிறந்தது என்று தெரியும். மரத்துக்கு இன்னும் வலிமையான ஒரு சோதனை இருக்கிறது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகள் காற்றிலிருந்த கார்பன்-14 அளவை, வட அரைக்கோளத்தில் 1963 வாக்கில், ஏறத்தாழ இருமடங்காக உயர்த்தின. அந்த ஆண்டுகளில் வளர்ந்த ஒவ்வொரு மர வளையமும் அதைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. ‘1943-ஆம் ஆண்டு வால்நட் கட்டை’ எனச் சொல்லப்படுவதிலிருந்து சில மில்லிகிராம் சுரண்டி எடுத்து அளந்து, அதில் உபரிக் கார்பன்-14 இருந்தால், அந்த மரம் போர் முடிந்து பத்தாண்டுகளுக்குப் பிறகும் நின்று வளர்ந்துகொண்டிருந்தது என்று பொருள். உபரி இல்லாவிட்டால் அசல் என்று உறுதியாகிவிடாது, பழைய மரத்தில் புதுக் கட்டை செதுக்கியிருக்கலாம். அறிவியல் சோதனைகள் பெரும்பாலும் இப்படித்தான். பொய்யை உறுதியாக மறுக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு, உண்மையை ஒரே அடியில் நிலைநாட்டும் ஆற்றல் இல்லை. அதனால்தான் பல சாட்சிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. போலி செய்பவர் ஒரு எண்ணை, ஒரு பூச்சை, ஒரு கறையைச் செய்துவிடலாம். எழுபது எண்பது ஆண்டுகள் ஒன்றோடொன்று உரசிய இரு பாகங்களின் தேய்மானம் ஒன்றின் மேட்டில் மற்றொன்றின் பள்ளமாக அமைந்திருக்கும், கட்டையின் உட்புறம் அந்தக் குறிப்பிட்ட இரும்பின் அழுத்தத்தை வாங்கியிருக்கும். இதை முழுவதுமாகச் செய்து முடிப்பது மிகக் கடினம்.

இங்கே எழும் வலுவான மறுப்பு இது: படைகளே பாகங்களை மாற்றினவே, அப்புறம் எந்த உறவைப் பற்றிப் பேசுகிறீர்கள்? மறுப்பு உண்மையானது. சோவியத் ஆயுதக் கிடங்குகள் போருக்குப் பின் மோசின்-நாகான்ட் துப்பாக்கிகளைப் பெருமளவில் பிரித்துப் புதுப்பித்தன. பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதின. பல ஸ்னைப்பர் துப்பாக்கிகளிலிருந்து தொலைநோக்கியைக் கழற்றி, தாங்கி நின்ற துளைகளை எஃகுச் செருகிகளால் அடைத்து, சாதாரணத் துப்பாக்கிகளாக மறுபடியும் படைக்குக் கொடுத்தன. பிரிட்டனும் நம்பர் 4 (டி) துப்பாக்கிகளில் சுமார் ஆயிரத்தை 1970-களில் எடுத்து, 7.62 மில்லிமீட்டர் குழல் பூட்டி எல்42ஏ1 என்று பெயர் மாற்றியது. அவை 1982 ஃபாக்லாந்துப் போரிலும் பயன்பட்டன. ஆனால் இந்த மாற்றங்களைக் கவனித்துப் பாருங்கள்: ஒவ்வொன்றும் தன் தடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. அடித்த கோடு பழைய எண்ணைப் படிக்க விட்டது. செருகியின் வட்டம் சுவரில் தெரிகிறது. எல்42-இன் உடலில் 1940-களின் முத்திரைகள் அப்படியே நிற்கின்றன. கிடங்கின் கைகள் முந்தைய பக்கத்தைக் கிழிக்காமல் அடுத்த பக்கத்தை எழுதின. இன்று சிலர் அந்தச் செருகிகளைத் துளையிட்டுப் பெயர்த்து, வேறெங்கோ கிடைத்த தாங்கியையும் தொலைநோக்கியையும் ஏற்றி, ஸ்னைப்பர் துப்பாக்கியை ‘மீட்டுவிட்டோம்’ என்கிறார்கள். அவர்கள் மீட்பது துப்பாக்கியின் மூன்று ஆண்டு வாழ்க்கையை. அழிப்பது அதன் மீதி வாழ்க்கையை. போர் முடிந்ததும் ஒரு நாடு தன் ஸ்னைப்பர் துப்பாக்கிகளை என்ன செய்தது என்ற கேள்விக்கு அந்தச் செருகிதான் விடை, அதுவும் ஆவணம்தான். அதைப் பெயர்ப்பது பெருந்தவறு என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இரண்டாவது மறுப்பு பொருளாதாரம் சார்ந்தது. சந்தையில் தனியாகக் கிடக்கும் அசல் தொலைநோக்கி எப்படியும் அநாதைதானே, அதை ஒரு நகலில் ஏற்றிவைப்பதில் என்ன கேடு என்று கேட்கலாம். அநாதையாக வந்ததில் கேடு ஒன்றுமில்லை, அதற்கு ஒரு வீடு கிடைப்பது நல்லதே. கேள்வி, அது ஏன் அநாதையானது என்பது. போர்க்காலத் தொலைநோக்கிகளின் எண்ணிக்கை போரோடு முடிந்துவிட்டது, இனிப் பிறக்காது. நகல் செய்வோர் அசல் உதிரிக்குத் தரும் விலை ஏற ஏற, முழுத் துப்பாக்கியை விடப் பிரித்த துண்டுகளின் கூட்டுவிலை அதிகமாகும் ஒரு புள்ளி வரும். அந்தப் புள்ளியில் எவராவது எண் பொருந்திய ஒரு முழுத்தொகுதியைப் பிரித்து விற்றால், அந்த உறவு மறுபடி ஒருபோதும் உண்டாகாது. இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. பழைய தொலைநோக்கிகளின் வடிவத்தில் புதிதாகச் செய்த, புதியவை என்றே அறிவித்து விற்கப்படும் நகல்கள் இப்போது கிடைக்கின்றன. சுட்டுப் பார்ப்பதற்கு அவையே ஏற்றவை. ரெமிங்டன் ஏ4-இன் முகப்பில் இரும்புக் குறிமுள் கூடக் கிடையாது, தொலைநோக்கி போனால் துப்பாக்கியே குருடு. அப்படியொரு ஆயுதத்தை ஏந்தியவர் எவ்வளவு தூரம், எந்த வெளிச்சத்தில் பார்க்க முடிந்தது என்பதை ஒரு நல்ல நகலால் சோதித்து அறியலாம், அசலின் குழலைத் தேய்க்காமல். போர் வரலாற்றில் மிகைப்படுத்திச் சொல்லப்பட்ட தூரங்களைச் சரிபார்க்க இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதாக ஒன்று கேட்பார்கள்: எந்த நிபுணராலும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கச்சிதமாகச் செய்துவிட்டால் யாருக்கு நஷ்டம்? நஷ்டம் நமக்கெல்லாம்தான். எம்1903ஏ4-இன் எண் வரிசைகளும் நம்பர் 4 (டி)-யின் முத்திரை முறைகளும் இன்று நமக்குத் தெரிவதில் ஒரு பெரும்பங்கு, தப்பிப் பிழைத்த துப்பாக்கிகளைப் பலர் பல்லாண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்துக் குறித்ததால் வந்தது. அந்த ஒப்பீட்டுக்குள் ஒரு கச்சிதமான போலி நுழைந்தால், அடுத்த துப்பாக்கியைச் சோதிக்கும் அளவுகோலே கோணலாகிவிடும். கண்டுபிடிக்க முடிந்த போலி ஒருவரை ஏமாற்றுகிறது, கண்டுபிடிக்க முடியாத போலி அறிவையே ஏமாற்றுகிறது. நகலுக்கும் போலிக்கும் இடையிலான கோடு எஃகில் இல்லை, கூடவே சொல்லப்படும் பேச்சில் இருக்கிறது. ஒரே பொருள் செய்தவரின் கையில் நகலாகவும், அவர் இறந்தபின் ஏலமேடையில் போலியாகவும் ஆகக்கூடும். பேச்சு மனிதரோடு போய்விடும், பொருள் நிற்கும். ஆகவே அந்தப் பேச்சையும் பொருளிலேயே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

கொல்வதற்குச் செய்த கருவிக்கு இத்தனை அக்கறையா என்ற கேள்வியும் நியாயமானது. அந்தக் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. ஸ்னைப்பர் துப்பாக்கி, தொலைவில் நிற்கும் ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்துச் சுடுவதற்கென்றே செய்யப்பட்டது. ஆனால் போரைப் பற்றிய நினைவு கதைகளில் மட்டும் நின்றால் அது எளிதில் வீரப்பேச்சாக ஊதிப்போகும். உண்மையான கருவி அந்தப் பேச்சுக்கு ஒரு எல்லையைக் கட்டுகிறது. வோல்கோகிராது அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் சோவியத் ஸ்னைப்பர் வசீலி ஸாய்த்ஸெவின் துப்பாக்கி போன்றவை மக்கள் மனத்தில் நிற்பது, அது அவர் ஏந்தியதே என்ற நம்பிக்கையால். அந்த நம்பிக்கைக்குரிய தகுதியைப் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் துப்பாக்கிகளுக்கும் காப்பாற்றிக் கொடுப்பது அவற்றின் எண்களும் தேய்மானங்களும் செருகிகளும்தான்.

சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழ்ந்து, இந்த வேலையில் இறங்கும் தமிழர் எவரேனும் இதைப் படித்தால் அவரிடம் என் வேண்டுகோள் இது. எண் பொருந்திய முழுத்தொகுதி கையில் கிடைத்தால் அதைப் பிரிக்காதீர்கள். அடைத்த துளையைத் திறக்காதீர்கள். புதிதாகத் துளையிடுவதானால் ஏற்கெனவே சிதைந்த உடல் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். செய்து முடித்ததும், மரக்கட்டைக்குள் மறையும் இரும்பில் ‘நகல்’ என்றும் செய்த ஆண்டையும் ஆழமாக அடித்துப் பொறியுங்கள். எந்த உதிரி எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி, கட்டைக்குள்ளேயே வைத்து மூடுங்கள்.